முழுத்தாளைக் கிழிந்த தாளாகக் காட்டலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் செட்டிநாட்டுத் திருமணச் சடங்குகளைப் பற்றிய கட்டுரை ஒன்று வெளியாகியிருந்தது. கட்டுரையில் குறை சொல்ல எதுவுமில்லை. விவரம் தெரிந்தவர் எழுதியது என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். என் கடிதம் அதனோடு அச்சான படத்தைப் பற்றியது. திருமணத்தின்போது பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் இசைந்து எழுதிக்கொள்ளும் இசைகுடிமானச் சீட்டு ஒன்றின் படம் அது. நான்கு பக்கமும் தாறுமாறாகக் கிழிந்து, தீப்பிடித்த வீட்டிலிருந்து கடைசி நேரத்தில் பிடுங்கி எடுத்ததுபோல அது காட்சியளித்தது. அந்தத் தாளில் அப்படி ஒரு கிழிசலும் கிடையாது என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஏனெனில் அதை என் கடை ஸ்கேனரில் வைத்துப் படமெடுத்தவன் நானே.

பள்ளத்தூர்ப் பக்கத்து வீடொன்றின் பெட்டகத்தில் பட்டுத் துணியில் சுற்றிவைத்திருந்த தாள் அது. நான்காக மடித்து வைத்ததால் மடிப்புகள் தேய்ந்திருக்கின்றன. இரண்டு மடிப்பும் சந்திக்கும் நடு இடத்தில் மிளகு நுழையுமளவுக்கு ஓர் ஓட்டை விழுந்திருக்கிறது. மற்றபடி ஓரங்கள் நான்கும் முழுமையாக இருக்கின்றன. மேல் விளிம்பை ஒட்டிப் பிள்ளையார் சுழி, அதன்கீழ் 'சிவமயம்', அடுத்த வரியில் '1927' என்ற ஆண்டு, அதற்கும் அடுத்த வரியில் 'பிரபவ வருஷம்' என்ற தொடக்கம். தங்கள் பக்க வடிவமைப்பாளர் கணினியில் வைத்த கிழிசல், முதல் மூன்று வரிகளையும் தின்றுவிட்டது. பிரபவ வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வருவது. 1927-ஐ நீக்கிவிட்டால், 1867-இல் எழுதிய சீட்டு என்று ஒருவர் சாதித்தாலும் மறுக்க அந்தப் படத்தில் ஆதாரமில்லை. அப்படியே நடந்தது. நூற்றைம்பது ஆண்டு பழைய சீட்டு என்ற குறிப்போடு அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றி வந்து என் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது.

அதைவிடச் சங்கடமானது அந்தக் குடும்பத்துக்குள் எழுந்த பேச்சு. பினாங்கில் இருக்கும் ஒரு பங்காளி, படத்தைப் பார்த்துவிட்டு, "மீதித் துண்டு யார் வீட்டில் இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். பொது வீட்டில் பூட்டிக் கிடக்கும் பெட்டகங்களைப் பற்றி ஏற்கனவே மனத்தாங்கல் உள்ள குடும்பங்களில் இப்படிப்பட்ட கேள்வி எங்கே போய் நிற்கும் என்பதை இவ்வூரார் அறிவார்கள். ஸ்கேன் செய்தபோது நான்தான் கிழித்துவிட்டேனோ என்றுகூட ஒருவர் நாசூக்காக விசாரித்தார். அசல் தாளை நடுவீட்டில் விரித்துக் காட்டிய பிறகே பேச்சு அடங்கியது.

நான் கிழிசல் ஓரத்துக்கு எதிரி அல்லன். 1980-களின் நடுவில் காரைக்குடியில் டிரெடில் அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோக்கச் சேர்ந்து, ஆஃப்செட் வந்து, கணினியில் பக்கம் கட்டும் டி.டி.பி. வந்து, இன்று மணிவிழா மலர்களும் குடமுழுக்கு மலர்களும் வடிவமைத்துப் பிழைப்பவன். விளம்பரத்துக்குக் கிழிந்த தாள் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால், அந்தக் காலத்தில் உண்மையாகவே தாளைக் கையால் கிழித்து, கறுப்பு அட்டையில் ஒட்டி, கேமரா அறைக்கு அனுப்பி நெகட்டிவ் எடுப்போம். மனத்துக்குப் பிடித்த ஒரு கிழிசல் வாய்ப்பதற்குள் பத்துத் தாளாவது குப்பைக்குப் போகும். இன்று அதே வேலை ஒரு சொடுக்கில் முடிகிறது. எளிதாகிவிட்டதால் தேவை இருக்கிறதா என்று யோசிக்கும் நேரமும் போய்விட்டது.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2000-களின் தொடக்கத்தில் தேவகோட்டைப் பக்கத்து ஆச்சி ஒருவர், தம் கணவரின் சதாபிஷேக மலருக்காகத் தம் தந்தையாரின் புகைப்படம் ஒன்றைக் கொடுத்தார். ரங்கூன் ஸ்டூடியோவில் எடுத்த படம். புதிதாகக் கற்ற வித்தையைக் காட்டும் ஆசையில் அதன் இரண்டு ஓரங்களைக் கிழித்து, அடியில் கனமான நிழலும் வைத்து அச்சிட்டுவிட்டேன். மலரைக் கையில் வாங்கிய ஆச்சி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்தின் வழவழப்பான தாளில் கிழிசல் இருந்த இடத்தை ஆள்காட்டி விரலால் தடவிப் பார்த்தார். "தம்பி, இதை யாரு கிழிச்சது? நான் முழுசாத்தானே குடுத்தேன்?" என்றார். கம்ப்யூட்டரில் அழகுக்காகச் செய்தது என்று விளக்கினேன். "கிழிஞ்சதுல என்ன தம்பி அழகு? எங்க அப்பச்சி பர்மாவுல இருந்து நடந்து வந்தப்ப துணிக்குள்ள சுத்தி, மடங்காமக் கொண்டுவந்த படம்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த எட்டுப் பக்கத்தையும் என் செலவில் மறுபடி அச்சிட்டுக் கட்டினேன். பத்திரிகையின் நான்கு முனையிலும் மஞ்சள் தடவி அனுப்புகிற, கருமாதிக் கடிதத்தை வாசலிலேயே படித்துக் கிழித்துப் போடுகிற ஊரில், கிழிந்த ஓரம் என்பது வெறும் அலங்காரமாக யார் கண்ணிலும் படாது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

அப்படியானால் இந்த உத்திக்கு நியாயமான இடமே இல்லையா என்றால், இருக்கிறது. கணினித் திரையைப் படமெடுக்கும் ஸ்நாகிட், ஃபாஸ்ட்ஸ்டோன் கேப்சர் போன்ற மென்பொருள்களில் கிழிந்த ஓரம் ஒரு வசதியாகவே தரப்பட்டுள்ளது. நீண்ட பக்கத்தின் மேல்பகுதியை மட்டும் காட்டிவிட்டு, கீழ் ஓரத்தைக் கிழிந்ததுபோல விட்டால், இதற்குக் கீழேயும் உண்டு, இங்கே காட்டவில்லை என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். ஸ்நாகிட்டில் படத்தின் நடுவிலிருந்து ஒரு பட்டையை எடுத்துவிட்டு, இரண்டு துண்டுகளையும் கிழிசல் விளிம்போடு சேர்த்துவைக்கும் கருவியும் உண்டு. மேற்கோளில் விட்டுப்போன சொற்களுக்கு நாம் மூன்று புள்ளி வைப்பதைப் போன்றது அது. அரசாணை ஒன்றின் மூன்று பத்திகளில் ஒன்றை மட்டும் தாங்கள் வெளியிடும்போது, விட்ட பக்கத்தில் கிழிசல் வைப்பது நேர்மையான செயல். வெட்டியது நாம் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. எந்தப் பக்கம் விடுபட்டதோ அந்தப் பக்கத்தில் மட்டும் அது இருக்க வேண்டும். இடப்பக்க ஓரம் முழுமையாக இருக்கிறபோது அங்கேயும் கிழிசல் வைத்தால், வரிகளின் தொடக்கமும் போய்விட்டது என்று பொய் சொன்னதாகிறது.

புகைப்படத்துக்கு இந்த நியாயம்கூடப் பொருந்தாது என்பது என் கருத்து. படத்தை வேண்டிய அளவுக்கு வெட்டிப் போடுவது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். நேர்கோட்டில் வெட்டினால் யாரும் தவறாக நினைப்பதில்லை. காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்தாரோடு பாரதியார் எடுத்துக்கொண்ட குழுப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களூர்க்காரர்கள் தங்கள் சொத்தாகக் கருதும் படம் அது. அதிலிருந்து பாரதியாரை மட்டும் நேராக வெட்டி எடுத்து அச்சிடுவது ஆசிரியரின் உரிமை. அதே முகத்தைச் சுற்றிக் கிழிசல் வைத்துவிட்டால், உடனிருந்தவர்களின் பகுதி அழிந்துபோய், எஞ்சியது இவ்வளவுதான் என்று இளைய தலைமுறை வாசகர் நினைப்பார். அவரை நொந்து பயனில்லை.

கொள்கை இவ்வளவுதான். இனித் தொழில் நுணுக்கத்துக்கு வருகிறேன். ஏனெனில் வைக்க வேண்டிய இடத்தில் வைத்தாலும் நம் நாளிதழ்களில் பெரும்பாலான கிழிசல்கள் கிழிசலாகவே இல்லை. இதைப் படிக்கும் வாசகர், படித்து முடித்த தாளொன்றை எடுத்து மேலிருந்து கீழாகக் கிழித்துப் பார்க்கட்டும். பத்திக்கு இணையாக ஓரளவு நேராக இறங்கும். அதே தாளைக் குறுக்கே கிழித்தால் கை போன திசையில் வராமல், படிப்படியாக இறங்கி, பல்லிளித்து, வேண்டாத பக்கம் ஓடும். தாள் ஆலையில் கூழ் ஓடும் திசையிலேயே நார்கள் பெரும்பாலும் படிவதால் வரும் குணம் அது. நார் போகும் வழியில் கிழிப்பது எளிது, நாரை அறுத்துக்கொண்டு கிழிப்பது கடினம். ஆகவே ஒரே தாளின் நான்கு ஓரமும் ஒரே மாதிரிக் கிழிவது இயற்கையில் இல்லை. இன்னொன்று, தாளுக்குத் தடிமன் உண்டு. கிழியும்போது மேல்தோல் ஓரிடத்திலும் அடித்தோல் சற்றுத் தள்ளியும் பிரிகிறது. அதனால் கையில் வரும் இரண்டு துண்டுகளில் ஒன்றில், அச்சு முடிந்த இடத்துக்கு வெளியே வெள்ளையாக ஓர் உதடு தெரியும். மற்றொன்றில் அது மறைந்திருக்கும். அந்த வெள்ளை உதடும் ஒரே அகலத்தில் ஓடாது. ஓரிடத்தில் நெல் அகலம் விரியும், அடுத்த விரற்கடையில் காணாமல் போகும். பழைய புகைப்படத் தாளில் மேலே ஜெலட்டின் பூச்சு இருப்பதால், பூச்சு ஒரு பாதையிலும் தாள் வேறு பாதையிலும் பிரிந்து, உதடு இன்னும் அகலமாகத் தெரியும். கையால் செய்த தாளில் நார்கள் நீளமானவை என்பதால் விளிம்பு பஞ்சுபோல் பிசிறடிக்கும். கிழிசலைக் கணினியில் வரைய உட்காருபவர், முதலில் நான்கைந்து வகைத் தாளைக் கிழித்து மேசையில் பரப்பிவைத்துப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் வேலை பழகும் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

ஒரே சொடுக்கில் கிழித்துத் தரும் மென்பொருள்களில் ஒரே அலை திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டங்குலத்துக்கு ஒருமுறை அதே மேடு, அதே பள்ளம். ரம்பத்தின் பல்லைப் போல இருக்கும் அதைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டாம். போட்டோஷாப்பிலும் ஒரு மாயமான் உண்டு. அதில் ஸ்கெட்ச் பிரிவின்கீழ் 'டார்ன் எட்ஜஸ்' என்றொரு ஃபில்டர் இருக்கிறது. பெயரைப் பார்த்துப் புதியவர்கள் ஆசையோடு அதை அழுத்துவார்கள். அது படத்தின் ஓரத்தைத் தொடாது. படம் முழுவதையும் கிழித்து ஒட்டிய தாள்த் துண்டுகள்போல, அப்போது தேர்ந்துவைத்திருக்கும் இரண்டு நிறங்களில் மாற்றிவிடும். எழுத்துக்கோ கோட்டோவியத்துக்கோ அது உதவலாம், ஆவணத்துக்கு உதவாது. அச்சுக்காக நான்கு நிறக் கோப்பாக மாற்றிய பிறகு அந்த ஃபில்டர் வேலையே செய்யாமல் மங்கிக் கிடக்கும். மென்பொருள் பழுதாகிவிட்டது என்று பயந்து ஓடிவந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

முறையாகச் செய்ய வேண்டுமானால், முதல் விதி அசலை அழிக்காதிருப்பது. அழிப்பான் கருவியால் ஓரத்தைத் தேய்த்து எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படித் தேய்த்துச் சேமித்துவிட்டால் போனது போனதுதான். படத்தை அழிக்காமல் மறைக்க மட்டும் செய்யும் லேயர் மாஸ்க்கைப் போட்டால், மாஸ்க்கை அணைத்த மறுகணம் முழுத்தாள் திரும்ப வந்துவிடும். எங்கள் இசைகுடிமானத்தின் பிள்ளையார் சுழியும் அப்படித் திரும்ப வந்திருக்கும். இரண்டாவது, கிழிசல் விழுவதற்கான இடத்தை எழுத்துக்கு வெளியே ஒதுக்குவது. எடுத்துக்கொண்ட பகுதியைச் சுற்றி அதே தாள் நிறத்தில் அரை அங்குலம் கூட்டிக்கொண்டு, அந்தக் கூடுதல் இடத்தில் கிழிக்க வேண்டும். அதன்பின் லாசோ கருவியால் கையைச் சற்று நடுங்கவிட்டே ஒரு கோடு இழுத்து, தேர்ந்த பகுதியின் விளிம்பையே ஃபில்டரால் மாற்றவிடும் குயிக் மாஸ்க்கில் நுழைந்து, கிரிஸ்டலைஸ் ஃபில்டரைச் சிறிய அளவில், ஐந்துக்கும் பத்துக்கும் இடையில் வைத்து ஓட்டினால் கோடு பொடிப்பொடியாக நொறுங்கும். ஒருமுறை ஓட்டினால் உடைந்த கண்ணாடிபோல் கோணல்கள் தெரியும். இன்னும் சிறிய அளவில் மறுமுறை ஓட்டினால் அந்தக் கூர்மை தணியும். வெள்ளை உதட்டுக்கு இதன்கீழ் இன்னொரு லேயர், அதாவது அடுக்கு, வேண்டும். பலர் மேல் வடிவத்தையே நகலெடுத்து, எல்லாப் பக்கமும் சமமாக விரித்து, வெள்ளை அடித்துவிடுகிறார்கள். அப்போது உதடு வேட்டிக்கரைபோல ஒரே அகலத்தில் ஓடும். கீழ் லேயரின் விளிம்பைத் தனியாக, வேறு கோட்டில் இழுத்து, தனியாகவே நொறுக்க வேண்டும். இரண்டு விளிம்பும் ஓரிடத்தில் விலகி, ஓரிடத்தில் ஒட்டிப் போகும்போதுதான் பார்ப்பவர் கண் அதைத் தாள் என்று நம்புகிறது.

இதற்கெல்லாம் விலைகொடுத்து மென்பொருள் வாங்க வேண்டும் என்பதில்லை. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பில், தேர்ந்தெடுத்த பகுதியின் விளிம்பைச் சிதைக்கும் 'டிஸ்டார்ட்' என்ற வசதி, தேர்வுகளுக்கான பட்டியலிலேயே இருக்கிறது. பரவலையும் துகளளவையும் எண்களால் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் இந்த இரண்டையும்விட எளிய, உண்மையான வழி, பழைய வழிதான். ஆவணத்தின் வயதுக்கும் வகைக்கும் கிட்டத்தட்டப் பொருந்தும் வெற்றுத்தாள் ஒன்றைக் கையால் கிழித்து, மேலே கறுப்பு அட்டையை வைத்து அங்குலத்துக்கு 600 புள்ளித் துல்லியத்தில் ஸ்கேன் செய்தால், வெள்ளைத் தாளும் கறுப்புப் பின்புலமும் தெளிவாகப் பிரிந்து நிற்கும். அதையே மாஸ்க்காகப் போட்டுக்கொள்ளலாம். என் கணினியில் அப்படி முப்பது நாற்பது கிழிசல்கள் சேர்ந்திருக்கின்றன. நாளிதழ் அச்சாகும் நியூஸ்பிரிண்ட், கணக்கேட்டுத் தாள், மளிகைக் கடைப் பொட்டலத் தாள் என்று தனித்தனியாகப் பெயரிட்டு வைத்திருக்கிறேன். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது.

நாளிதழ் அச்சுக்கென்று தனிக் கவனமும் தேவை. கலைத்தாளில் எடுப்பாகத் தெரிவது நியூஸ்பிரிண்டில் தெரியாது. நாளிதழ்ப் படங்கள் பெரும்பாலும் அங்குலத்துக்கு 85 முதல் 100 கோடு வரையிலான, படத்தைப் புள்ளிகளாகப் பிரிக்கும் அச்சுத் திரையில் அச்சாகின்றன. அதற்கு அங்குலத்துக்கு 200 பிக்சல் துல்லியம் போதும். அந்தக் கணக்கில் ஒரு மில்லிமீட்டர் என்பது எட்டு பிக்சல். இரண்டு பிக்சலில் நுணுக்கமாக வரைந்த பிசிறெல்லாம் தாளில் மை பரவும்போது அடைபட்டு, விளிம்பு அழுக்குக் கோடாக மட்டும் தெரியும். எனவே நாளிதழுக்கான கிழிசல் சற்றுப் பெரிய, துணிந்த கையால் போட்டதாக இருக்க வேண்டும். வெள்ளை உதட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. அச்சில் வெள்ளை என்பது தாளின் நிறமேயன்றி வேறில்லை. நியூஸ்பிரிண்டின் வெளுத்த சாம்பலைவிட வெளுப்பான உதட்டை யாராலும் அச்சிட முடியாது. கணினித் திரையில் பளிச்சென்றிருந்த உதடு, பக்கத்தின் வெற்றிடத்தை ஒட்டி வந்தால் அதிலேயே கரைந்துவிடும். அடியில் மெல்லிய சாயம் ஒன்றைப் பரப்பினாலோ, உதட்டின் வெளி ஓரத்தில் முடியளவு நிழல் கொடுத்தாலோதான் அது பிழைக்கும்.

நிழலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் மிகுதியாகக் கெடுப்பது அதுதான். நியூஸ்பிரிண்ட் தாளின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மேசைமேல் படுத்துக் கிடக்கும் அப்படிப்பட்ட தாளுக்கு எவ்வளவு நிழல் விழும்? அடியில் நிழல் போடும் டிராப் ஷேடோவை மென்பொருள் தரும் அளவிலேயே விட்டுவிட்டால், துண்டுக் காகிதம் அட்டைப்பெட்டி மூடிபோல அந்தரத்தில் மிதக்கும். அதே பக்கத்தில் மூன்று துண்டுகள் இருந்தால் மூன்றுக்கும் நிழல் ஒரே திசையில் விழ வேண்டும் என்பதும் மறந்துபோகிறது. மூன்று சூரியன் உள்ள பக்கங்களைத் தங்கள் நாளிதழிலும் பிறவற்றிலும் பார்த்திருக்கிறேன்.

ஓலைச்சுவடிப் படத்துக்குக் காகிதக் கிழிசல் வைப்பதைப் பற்றித் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அதையும் செய்கிறார்கள். ஓலை நீளவாக்கில் நரம்போடு பிளக்கும், முனையில் பொடியும், பூச்சி அரித்து ஓட்டை விழும். காகிதம்போல் வெள்ளை உதடு விட்டுக் கிழியாது. கோவில் மலர் ஒன்றுக்காக யாரோ செய்துகொடுத்த அத்தகைய படத்தைப் பார்த்த இளையாத்தங்குடிப் பெரியவர் ஒருவர், "ஓலையைக் கிழிக்கிற ஆளை நான் இப்பத்தான் பார்க்கிறேன்" என்று சிரித்தார்.

சிரிப்போடு விட முடியாத காரணம் ஒன்றும் உண்டு. இன்று கைப்பேசிகளில் உலவும் போலிச் செய்தித் துணுக்குகளில் பலவற்றுக்கு இந்தக் கிழிந்த ஓரமே நற்சான்றிதழ். யாரும் எப்போதும் எழுதாத செய்தியை நாளிதழ் எழுத்துருவில் தட்டெழுதி, மஞ்சள் பூசி, ஓரத்தைக் கிழித்துவிட்டால், அது யாரோ பத்திரப்படுத்திய பழைய தாள் ஆகிவிடுகிறது. நாளிதழின் பெயரும் தேதியும் பக்க எண்ணும் இருக்க வேண்டிய மேல் ஓரம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. கிழிந்துபோனதென்று கிழிசலே பதில் சொல்லிவிடுகிறது. உண்மையான ஆவணங்களையும் நாம் அதே கோலத்தில் அச்சிட்டுக்கொண்டிருந்தால், எது பிரதி, எது புனைவு என்று பிரித்தறியும் பழக்கமே வாசகரிடம் வளராமல் போய்விடும். கிழிசலின் பல் திரும்பத் திரும்ப ஒரேமாதிரி வருகிறதா, வெள்ளை உதடு எங்காவது இருக்கிறதா, எழுத்தின் நடுவில் கிழிசல் ஓடுகிறதா அல்லது மரியாதையாக வரிகளுக்கு ஒதுங்கிப் போகிறதா என்று பார்த்தாலே பாதிப் போலிகளை இனங்கண்டுகொள்ளலாம்.

தாளின் ஓரத்தை மதிப்பது எங்கள் வட்டாரத்துக்குப் புதிதன்று. கோட்டையூரில் இருந்துகொண்டு நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்தவர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர் அவர் என்பது எங்களைப் போன்ற தொழில்காரர்களுக்குத் தனிப் பெருமை. 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்க, 1994 முதல் சென்னையில் அவர் பெயரிலேயே அது ஆராய்ச்சி நூலகமாக இயங்கிவருகிறது. ஆவணங்களைப் படமெடுப்போர் தாளின் நான்கு விளிம்பும் தெரியும்படி, வெளியே சற்று இடம் விட்டு, பக்கத்தில் அளவுகோலும் வைத்தே எடுப்பது முறை. தாள் எங்கே வெட்டப்பட்டது, எங்கே தைக்கப்பட்டது, எவ்வளவு போயிற்று என்பதை ஓரம்தான் சொல்லும். உண்மையாகவே கிழிந்த தாளானால் அந்தக் கிழிசலும் அதன் வரலாறு. போலிக் கிழிசல் ஒன்றை அதன்மேல் வைத்தால் உண்மைக் கிழிசல் மறைந்துவிடும். அந்த இசைகுடிமானத்தின் நடுவில் இருக்கும் மிளகளவு ஓட்டையை, கறையென்று நினைத்தோ என்னவோ, தங்கள் படத்தில் பூசி அடைத்திருந்தார்கள். இல்லாத கிழிசலை வைத்தவர்கள் இருந்த கிழிசலை எடுத்துவிட்டார்கள்.

எனவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. பழைய ஆவணத்தை முழுமையாக வெளியிடும்போது அதன் ஓரங்களை உள்ளபடியே விடுங்கள். தாள் நிறத்துக்கும் பக்கத்தின் நிறத்துக்கும் வேறுபாடு தெரியாவிட்டால் மெல்லிய கோடு ஒன்று போதும். பகுதியை மட்டும் வெளியிட்டால், விடுபட்ட பக்கத்தில் மட்டும் கிழிசல் வைத்து, படக்குறிப்பில் 'ஒரு பகுதி' என்ற இரண்டு சொற்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். கணினியில் சேர்த்த எதுவாயினும் அதையும் குறிப்பில் சொல்லிவிடலாம். அதனால் பக்கத்தின் அழகு குறைந்துவிடாது. தங்கள் வடிவமைப்புப் பிரிவில் இருப்பவர்கள் விரும்பினால், நான் சேர்த்து வைத்திருக்கும் கிழிசல் படங்கள் அனைத்தையும் விலையின்றி அனுப்பிவைக்கிறேன்.

வீட்டாரின் ஒப்புதலோடு அந்தச் சீட்டின் முழுப்படத்தை இத்துடன் மீண்டும் அனுப்பியுள்ளேன். கட்டுரையோடு வந்த அதே அளவில் இல்லாவிட்டாலும், இரண்டு பத்தி அகலத்திலாவது ஒருமுறை வெளியிட்டு, ஆண்டு 1927 என்று திருத்தமும் போட வேண்டுகிறேன். படத்தை இடத்துக்கேற்பச் சுருக்கும்போது மேலே பிள்ளையார் சுழிக்கும் விளிம்புக்கும் இடையில் கால் அங்குல வெற்றுத்தாள் இருப்பதைக் கவனித்து, அதையும் சேர்த்தே சுருக்கும்படி பக்கம் கட்டுபவரிடம் சொல்லிவைத்தால் நன்றாக இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
செக்காலை, காரைக்குடி.